யார் சொன்னது, சேர்?

ஹட்டன் டவுனில் நான் 20 வருடமாகச் சாமான் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது நானா கடைதான். அவருடைய வாப்பா தொடங்கியது. தோட்டத்துச் சனம் சம்பள நாளில் கடனைக் கட்டிவிட்டு அன்றைக்கே மறுபடியும் கடன் எழுதுகிற கொப்பி அங்கே இருக்கிறது. காசு வாங்கும் மேசையின் மேல் ஒரு தடித்த கண்ணாடி. அதற்கு அடியில் மொத்த வியாபாரிகளின் அட்டைகள், மகள் முதலாம் வகுப்பில் எடுத்த படம், மடிப்புக் கலையாத ஒரு பழைய பத்து ரூபாய்த் தாள். 2019 மார்ச் கடைசியில் அதற்குள் ஒரு புதுப் படம் வந்து சேர்ந்தது. பத்திரிகையில் வெட்டியது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண்ணை இறுக்கிக் கட்டிப்பிடித்து நிற்கிறார் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன். நாலு மூலையிலும் பசை தடவி, கோணாமல் ஒட்டியிருந்தார் நானா.

மே மாதம் போனபோது அந்தப் படம் இல்லை. மற்றதெல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் ஒரு வெற்றிடம், நாலு மூலையிலும் காய்ந்த பசைத் தடம். நான் அதைப் பார்த்ததை நானாவும் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் படம் ஒட்டப்பட்டதற்கும் உரிக்கப்பட்டதற்கும் நடுவே நடந்தவற்றை இத்தனை வருடமாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருக்கிறேன். அதை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலை 6.10

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள அல் நூர் பள்ளிவாசலுக்குள், தொழ வந்தவர்களைச் சுட ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தபோது அங்கே பிற்பகல் 1.40. ஜும்மா நேரம். இங்கே காலை 6.10. நான் பாடசாலைக்குப் போக சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்திருப்பேன், மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பாள். இந்த நேரக் கணக்கைப் பின்னால்தான் போட்டுப் பார்த்தேன். போட்டதிலிருந்து காலையில் மணிக்கூடு 6.10 காட்டினால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

அன்று இடைவேளை முடியும் நேரம் பத்தாம் வகுப்புப் பக்கம் போனேன். கடைசி வாங்கில் நாலைந்து பையன்கள் தலையோடு தலை முட்டிக் குனிந்திருந்தார்கள். போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆனாலும் யாராவது ஒருவன் கொண்டு வந்துவிடுவான். கையை நீட்டினேன், தந்துவிட்டான். தரும்போது, பயமில்லாமல், ஏதோ எனக்கும் காட்டுகிற மாதிரி, "சேர், பப்ஜி மாதிரியே இருக்கு சேர்" என்றான். திரையில் துப்பாக்கியின் முனையும் ஒரு கட்டடத்தின் வாசலும் தெரிந்தன. உடனே அணைத்துவிட்டேன். அவ்வளவுதான் நான் பார்த்தது.

அந்தப் பையன் கெட்டவன் இல்லை. அவன் சொன்னது பிழையும் இல்லை. சுடுகிறவனின் கண் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் அது எடுக்கப்பட்டிருந்தது, அப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே. தலையில் கெமராவைக் கட்டிக்கொண்டு 17 நிமிடம் பேஸ்புக்கில் நேரடியாக ஒளிபரப்பினான். நேரடியாகப் பார்த்தவர்கள் 200 பேர்கூட இல்லை. ஆனால் அதன் பிரதிகளை முதல் 24 மணித்தியாலத்தில் மட்டும் 15 லட்சம் தடவை பேஸ்புக் நீக்க வேண்டியிருந்தது. அந்த நீக்கத்துக்கெல்லாம் தப்பி, கடல் தாண்டி, மலை ஏறி, எங்கள் பாடசாலைக் கடைசி வாங்குக்கு ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அந்த இடத்தில் நான் ஒரு ஆசிரியர். "டேய், இது விளையாட்டு இல்ல, இதுல விழுறவங்க எழும்ப மாட்டாங்க" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். "போனை பேக்குக்குள்ள வை, அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வட்ஸ்அப்பைத் திறந்தால் எங்கள் பழைய மாணவர் குழுவிலும் அதே வீடியோ. கீழே சிலர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் கைதட்டும் படம் போட்டிருந்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மார்ச் 22, பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த ஹேக்லி பூங்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடித் தொழுதார்கள். பாங்கு சொன்னது நியூசிலாந்து முழுக்க ஒலிபரப்பானது. முஸ்லிம் அல்லாத பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு தொழுகிறவர்களுக்குப் பின்னால் காவலாக நின்றார்கள். இதைக் கடையிலிருந்த சின்ன டிவியில் நானா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் போனேன். பருப்பு நிறுக்கிற தட்டு கையிலேயே இருந்தது. "நம்ம நாட்டிலயும் இப்படி ஒரு ஆள் வந்து பக்கத்தில நிப்பாங்களா சேர்?" என்றார். அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சரியாக ஒரு வருடத்துக்கு முன், 2018 மார்ச்சில், திகனையில் தொடங்கிக் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தபோது அவருடைய தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு வேறு வீட்டில் ஒளிந்திருந்தாள். "நிப்பாங்க நானா, ஏன் நிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகுதான் அந்தப் படம் கண்ணாடிக்கு அடியில் வந்தது.

சுட்டவனின் பெயரைத் தன் வாயால் சொல்ல மாட்டேன் என்று ஆர்டெர்ன் பாராளுமன்றத்தில் சொன்னார். நானும் இங்கே எழுதவில்லை. 26 நாளில், ஏப்ரல் 10ஆம் திகதி, இராணுவப் பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டத்தை 119க்கு 1 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். ஒரு நாடு துக்கத்தை இப்படியும் செய்யலாமா என்று வியந்துகொண்டிருந்தோம். அது 11 நாள்தான் நீடித்தது.

37 நாள்

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. அன்றைக்கு நடந்ததை இங்கே யாருக்கும் நான் விவரித்துக் காட்டத் தேவையில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாத மலையகக் குடும்பம் குறைவு. நாங்கள் இந்துக்கள்தான், ஆனாலும் எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் இருந்தபோது அம்மா அங்கே நேர்த்தி வைத்து, ரயிலேறிப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தவர். அன்று மத்தியானம் டிவியில் அந்தக் கோயில் கூரையைப் பார்த்ததும் அம்மா சத்தம் போடாமல் எழுந்து சாமியறைக்குப் போய்விட்டார். பின்னேரம் வரை வெளியே வரவில்லை. கொழும்பில் கடையிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகளைத் தேடி லயத்துக்கு லயம் போன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே சமூக வலைத்தளங்களை முடக்கிவிட்டார்கள். ஒன்பது நாள் வட்ஸ்அப்பும் இல்லை, பேஸ்புக்கும் இல்லை. டிவியும் பக்கத்து வீட்டுக்காரரின் வாயும்தான் செய்தி. அப்படி எல்லோரும் ஏதாவது ஒரு விளக்கத்துக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 23ஆம் திகதி, அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவன் விஜேவர்தன பாராளுமன்றத்தில் எழுந்து, இது கிறைஸ்ட்சேர்ச்சில் முஸ்லிம்கள் மீது நடந்த தாக்குதலுக்குப் பழிவாங்கலாக நடந்தது என்று ஆரம்ப விசாரணையில் தெரியவந்திருப்பதாகச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் ஊருக்குள் தண்ணீர் மாதிரி இறங்கியது. பஸ்ஸில், பாண் வாங்கும் கடையில், பெரட்டுக் களத்தில் எல்லாம் அதுதான் பேச்சு. எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க மாட்டேன். தலையும் வாலும் இல்லாத ஒரு பயங்கரத்துக்கு ஒரு கதை கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. அங்கே அடித்தார்கள், இங்கே திருப்பி அடித்தார்கள். அண்ணன் தம்பிச் சண்டையிலிருந்து ஊர்ச் சண்டை வரை நாம் எல்லோருக்கும் பழகிய கணக்கு அது. அப்படியொரு மதிப்பீட்டுக்கு அடிப்படையான எந்த உளவுத் தகவலும் தங்களிடம் இல்லை என்று நியூசிலாந்துப் பிரதமர் அலுவலகம் சொன்னது பத்திரிகையில் வந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

மே மாதம் இரண்டாம் தவணை தொடங்கியபோது பிள்ளைகளின் புத்தகப்பையை வாசலில் கொட்டிப் பார்த்தோம். வட்ஸ்அப் திரும்பி வந்ததோடு 'அவங்க கடையில வாங்காதீங்க' என்ற தகவலும் வந்தது. முக்காடு போட்டவர்களைக் கண்டால் பஸ்ஸில் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். அரசு தடை செய்தது முகத்தை மூடுவதைத்தான், தலையை மூடுவதை இல்லை என்று எடுத்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அதே முக்காட்டைப் போட்ட ஒரு பிரதமரின் படத்தை நாங்கள் எல்லோரும் பகிர்ந்திருந்தோம்.

நான் நானா கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. இதை ஒரு பெருமையாக அப்போது நினைத்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் போனபோது கடையில் ஒருவரும் இல்லை. சம்பளம் போட்ட வாரம், வழக்கமாக உள்ளே நிற்க இடமிருக்காது. நானா ஸ்டூலில் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அடியில் அந்த வெற்றிடத்தை அப்போதுதான் பார்த்தேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. "பாவம் நானா நீங்க. எங்கேயோ நியூசிலாந்துல எவனோ சுட்டதுக்கு எவனோ இங்க பழிவாங்க, கடைசியில உங்க தலையில வந்து விடியுது" என்றேன். மனதார, அவர் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

நானா கொப்பியை மூடினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. படிக்காத பிள்ளையிடம் கணக்குக் கேட்கிறவரின் முகம்.

"அதுக்குத்தான் இதுன்னு யார் சொன்னது, சேர்?"

"மினிஸ்டர் பாராளுமன்றத்திலேயே சொன்னாரே நானா."

"அவருக்கு யார் சொன்னது?"

எனக்குப் பதில் இல்லை. வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நானா கண்ணாடியில் அந்தக் காலி இடத்தின் மேல் விரலை வைத்தார். "இது தொழப் போன சனம், சேர். மூணு வயசுப் புள்ள ஒண்டும் அதில. அவங்கட பேர எதுக்கு இந்தப் பாவிகள்ற வேலையோட சேக்கிறாங்க? படத்த நான் பயத்தில எடுக்கல்ல. வாறவங்க இதப் பாத்திட்டு 'ஓ, இதுக்குத்தானா' என்ற மாதிரி என்னைப் பாக்கிறாங்க. அதுதான் எடுத்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க" என்றார். அப்புறம் எழுந்து என்னுடைய துண்டை வாங்கிச் சாமான் எடுக்கத் தொடங்கினார்.

அதுக்கு நாம என்னா செஞ்சோம்

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய விசயம் இது என்பதால்தான். 1983 ஜூலையில் எனக்கு எட்டு வயது. நுவரெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்தோம். டவுன் எரிகிறது என்று தகவல் வந்ததும் பெரியவர்கள் எங்களைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்கு ஏறினார்கள். தேயிலைச் செடிக்கு அடியில், ஈர மண்ணில், சாக்கை விரித்துப் படுத்திருந்தோம். தம்பி இருமும்போதெல்லாம் அம்மா அவன் வாயைத் தன் மாராப்பால் பொத்தினார். அப்பா மெதுவான குரலில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "யாழ்ப்பாணத்துல 13 ஆமிக்காரங்கள கொன்னுட்டாங்களாம்." அம்மா கேட்டார்: "அதுக்கு நாம என்னா செஞ்சோம்?" அப்பா அதுவரை யாழ்ப்பாணத்தைப் பார்த்ததே இல்லை. அதன் பிறகும் பார்க்காமலே இறந்துபோனார்.

பழிவாங்கல் என்று ஒன்றைச் சொன்னதும், செய்தவனின் குற்றத்தில் பாதி கழன்று வேறு யார் தலையிலோ போய் உட்கார்ந்துவிடுகிறது. ஜூலைக் கலவரத்தை இன்றைக்கும் 13 பேரின் சாவிலிருந்து கதை சொல்லத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தொடங்கினால் பதுளையிலும் நுவரெலியாவிலும் கடைக்குத் தீ வைத்தவனின் கையில் இருந்த பெற்றோல் போத்தல் ஏதோ தானாக வந்த மாதிரி ஆகிவிடும். இது தெரிந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நானே, அமைச்சர் சொன்ன வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு போய் நானாவின் மேசையில் வைத்தேன். அதுவும் ஆறுதல் என்று நினைத்து.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். காரணம் முந்தி, விளைவு பிந்தி என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வார இறுதியில்தான் முதல் தடவையாகத் திகதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 2018 டிசம்பர் 26, மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையைப் பின்தொடர்ந்து போன பொலிஸ், 2019 ஜனவரி 16, புத்தளம் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோ வெடிமருந்தையும் டெட்டனேற்றர்களையும் கைப்பற்றியது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் சஹ்ரானின் ஆட்கள்தான். கிறைஸ்ட்சேர்ச் நடந்தது மார்ச் 15. அதாவது நியூசிலாந்தில் ஒரு தோட்டா வெடிப்பதற்கு இரண்டு மாதம் முந்தியே இங்கே வெடிமருந்து சேர்ந்துவிட்டது. பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி வெளியான வீடியோவில் ஐ.எஸ். தலைவன் பக்தாதி, இலங்கையில் நடந்தது, சிரியாவில் தங்கள் கையிலிருந்த கடைசி இடமான பாகூஸ் வீழ்ந்ததற்குப் பழி என்றான். பாகூஸ் வீழ்ந்தது மார்ச் 23இல். அந்தக் கணக்கும் ஒத்து வரவில்லை. கொலை முடிந்த பிறகு ஆளாளுக்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து அதன் மேல் போர்த்துகிறார்கள். கிறைஸ்ட்சேர்ச்சைப் பார்த்து அந்தக் கூட்டத்துக்கு வெறி இன்னும் ஏறியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறி ஏறியதும் காரணமும் ஒன்றில்லை.

கதவு

அதற்குப் பிறகு எனக்கு கிறைஸ்ட்சேர்ச்சை விட முடியவில்லை. அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் கேள்விகளை என்ன செய்தார்கள் என்று தேடித் தேடி வாசித்தேன். அவன் 2020 மார்ச்சில் 51 கொலையையும், 40 கொலை முயற்சியையும், ஒரு பயங்கரவாதக் குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதால் வழக்கு விசாரணை நடக்கவில்லை. ஆகஸ்டில் நாலு நாள் தண்டனை விசாரணை. ஏறத்தாழ 90 பேர் அவனுக்கு முன்னால் எழுந்து நின்று பேசினார்கள். பரோலில் வெளிவர முடியாத ஆயுள் தண்டனை, அந்த நாட்டில் முதல் தடவை. அதோடு முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பதில் வாங்கும் வாய்ப்பு அந்தக் குடும்பங்களுக்கு அப்போது கிடைக்கவில்லை.

2020 டிசம்பரில் அரச ஆணைக்குழு 44 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. உளவு அமைப்புகள் இஸ்லாமியத் தீவிரவாதத்தையே பார்த்துக்கொண்டிருந்து மற்றப் பக்கத்தைப் போதிய அளவு பார்க்கவில்லை என்றது. துப்பாக்கி உரிமம் கொடுத்த முறையில் பிழை கண்டது. அவனைப் பற்றி விசாரிக்க நெருங்கிய உறவினரைக் கேட்காமல், பெரும்பாலும் இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரையும் அவருடைய பெற்றோரில் ஒருவரையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அமைச்சர்களும் உயரதிகாரிகளும் கொடுத்த சாட்சியத்தை 30 வருடத்துக்கு மூடி வைத்தார்கள். அது சரியில்லை என்று குடும்பங்கள் கோபப்பட்டன. எனக்கும் அது சரியென்று படவில்லை.

என் மனதில் நின்றது வேறு. 2023 அக்டோபரில், நாலரை வருடம் கழித்து, மரண விசாரணை தொடங்கியது. அங்கே எடுத்த கேள்விகளில் ஒன்று, அல் நூர் பள்ளிவாசலின் பெரிய தொழுகை அறையிலிருந்த அவசரக் கதவைப் பற்றியது. அன்று அது திறந்ததா, இல்லையா? பூட்டு எப்படி வேலை செய்தது? அந்தக் கதவை நோக்கி ஓடியவர்களுக்கு என்ன நடந்தது? ஒரு கதவுக்காக இத்தனை வருடம் கழித்தும் மனிதர்கள் சாட்சி சொன்னார்கள். இழந்தவர்கள் கேட்கிற கேள்வி இப்படித்தான் இருக்கிறது. எத்தனை மணிக்கு, எந்தக் கதவு, யார் முதலில் வந்தார்கள், என் மகன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான். 'ஏன்' என்ற பெரிய கேள்வியைத் தூரத்தில் இருக்கிற நாம்தான் கேட்கிறோம். கேட்டுவிட்டு முதலில் கையில் கிடைக்கும் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். லாஸ் வேகாஸில் 2017 அக்டோபரில் ஹோட்டலின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் இசை விழாக் கூட்டத்தைச் சுட்டான். 60 பேர் இறந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆராய்ந்துவிட்டு, தெளிவான ஒரு தனிக் காரணத்தைக் காண முடியவில்லை என்று எப்.பி.ஐ. சொல்லிவிட்டது. அந்தப் பதிலை ஏற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் அதனால் எந்தக் கடைக்காரரும் தன் கடையிலிருந்து ஒரு படத்தை உரிக்க வேண்டி வரவில்லை.

வாசித்துக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். கிறைஸ்ட்சேர்ச்சுக்கு முன்னால், நியூசிலாந்தின் இஸ்லாமியப் பெண்கள் அமைப்பு வருடக்கணக்காக அரசு அலுவலகங்களுக்கு ஏறி இறங்கி, எங்களுக்குப் பயமாக இருக்கிறது, எங்கள் பெண்களைத் தெருவில் தாக்குகிறார்கள், கவனியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இங்கே காத்தான்குடியில் சஹ்ரானைப் பற்றி முதலில் முறைப்பாடு செய்ததும் முஸ்லிம்கள்தான். 2017 மார்ச்சில் அங்கே அவனுடைய ஆட்கள் சூபி முஸ்லிம்களைத் தாக்கிய பிறகு, அவனைப் பிடியுங்கள் என்று அந்த ஊரவர்களே கேட்டிருந்தார்கள். இரண்டு நாட்டிலும் முதலில் எச்சரித்தவர்களின் குரல் மேசைகளில் கிடந்தது. கிறைஸ்ட்சேர்ச்சையும் நம்முடைய ஞாயிற்றுக்கிழமையையும் இணைக்கிற கோடு ஒன்று இருக்குமானால், எனக்குத் தெரிந்து அது இதுதான். பழிவாங்கல் என்ற பேச்சு அந்தக் கோட்டை மறைத்துவிட்டது.

நம்முடைய கதவுக் கேள்விகளும் அதற்கு அடியில் போய்விட்டன. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. அது யார் யார் மேசைக்குப் போனது, யார் வாசித்தார்கள், வாசித்தவர்கள் ஞாயிறு காலை எங்கே இருந்தார்கள்? 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசியிருப்போம். குண்டு வெடித்த கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார் இன்றும் நிற்கிறார்கள்.

போன மாதம் தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள். 2019இல் சின்னப் பையன்களாக இருந்திருப்பார்கள். ஏதோ பேச்சில் ஒருவன், "அது நியூசிலாந்துல பள்ளிக்குள்ள சுட்டாங்கல்ல, அதுக்குப் பதிலுக்குத்தான்டா இங்க குண்டு வச்சாங்க" என்றான். மற்றவன் தலையாட்டினான். இந்தத் தடவை நான் பேசாமல் இருக்கவில்லை. முன்னால் குனிந்து, "தம்பி, அது அப்படியில்ல" என்று தொடங்கித் திகதிகளைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். நம்பினார்களா என்பது வேறு விசயம். இறங்கும்போது ஒருவன், "அப்ப ஏன் சேர் அப்படிச் சொன்னாங்க?" என்றான். சேர் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அந்தத் திகதிகளைப் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதினேன். மறுநாள் நானா கடைக்குக் கொண்டுபோனேன். நானாவுக்கு இப்போது கண் சரியில்லை, மகன்தான் பெரும்பாலும் கடையைப் பார்க்கிறார். தாளை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்து, வரி வரியாக விரல் வைத்து வாசித்தார். டிசம்பர். ஜனவரி. மார்ச். ஏப்ரல். ஜனவரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"இந்த வனாத்தவில்லு விசயம், அப்பவே பேப்பரில வந்ததுதானே சேர்?"

"வந்தது நானா."

"நீங்க வாசிச்சீங்க?"

"வாசிச்சேன்."

"நானும் வாசிச்சன்" என்றார். தாளை நாலாக மடித்துக் கடன் கொப்பிக்குள் வைத்தார். மகன் தராசுக்குப் பக்கத்தில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். நானா ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைக்கிற துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தச் சனிக்கிழமை நான் கேட்டப்ப இதச் சொல்லியிருக்கலாம், சேர்" என்றார்.